அண்ணாந்து பார்ப்பதும் ஒரு திருப்பணியே

(ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற உபயகாரர்கள், தொண்டர்கள் கூட்டத்தில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

திருவிழாக் கூட்டத்தில் பேச வருபவர் பக்தியைப் பற்றிப் பேசுவார், ஒற்றுமையைப் பற்றிப் பேசுவார். நான் இன்று மின்கம்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாத்தியார் இங்கேயும் பாடம் நடத்த வந்துவிட்டார் என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. பரவாயில்லை. இந்த ஆண்டு நம் ரதத்தின் அலங்காரத்தை இன்னும் ஓர் அடுக்கு உயர்த்த வேண்டும் என்று உபயகாரர் சிலர் அன்போடு கேட்டிருக்கிறார்கள். குழு இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்வதற்கு முன் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. அவற்றைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் கொடுங்கள்.

களிமேட்டில் நடந்தது

தஞ்சாவூருக்கு அருகில் களிமேடு என்று ஒரு கிராமம். அங்கே அப்பர் பெருமானுக்கு மடம் இருக்கிறது. சித்திரைச் சதயம் அப்பர் இறைவனடி சேர்ந்த நாள். அந்த நாளில் ஆண்டுதோறும் குருபூசை நடத்தி, அப்பர் படத்தை அலங்கரித்த சப்பரத்தில் வைத்து வீதிவீதியாக இழுத்து வருவது அவ்வூர் வழக்கம். 2022ஆம் ஆண்டு நடந்தது 94ஆவது ஆண்டு விழா. மூன்று தலைமுறையாக நடந்துவந்த விழா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் 26ஆம் தேதி நள்ளிரவில் ஊர்வலம் புறப்பட்டது. 27ஆம் தேதி அதிகாலை மூன்று மணி அளவில், ஒரு திருப்பத்தில் சப்பரத்தைத் திருப்பும்போது அதன் உச்சி மேலே சென்ற உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. சப்பரத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்ததால் பலர் சற்றுத் தள்ளி வந்திருந்தார்கள் என்றும், அதனாலேயே அவர்கள் பிழைத்தார்கள் என்றும் அப்போது செய்திகள் வந்தன. வீட்டு வாசலில் தேங்காயும் பழமும் வைத்துக்கொண்டு சுவாமி வரும் என்று காத்திருந்த தாய்மார்களுக்கு அந்தக் காலையில் வந்த செய்தி எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்பர் பெருமானை நாம் எப்படி வணங்குகிறோம்? கையில் உழவாரப் படையோடு வணங்குகிறோம். அடியார்கள் கால் வைக்கும் இடத்தில் முள்ளும் புல்லும் இருக்கக் கூடாது என்று திருக்கோயில்தோறும் செதுக்கிச் சுத்தம் செய்த பெருமான் அவர். அடியார்கள் நடக்கும் வழியைத் தீங்கில்லாமல் செய்வதையே தொண்டாகக் கொண்டவருடைய விழாவில், வழியின் மேலே இருந்த தீங்கு உயிர்களைக் கொண்டு போனது. அவர் காலத்தில் தரையைச் சுத்தம் செய்தால் போதும். நம் காலத்தில் தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ஊர்வலப் பாதையைச் சோதிக்கும் வேலையையும் உழவாரப் பணி என்றே நான் கருதுகிறேன்.

பெரிய தேருக்குக் காவல் உண்டு

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேர்கள் ஓடும்போது வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் தேரை நகர்த்துவார்கள். மின்வாரிய ஊழியர், தீயணைப்புப் படை, காவல் துறை எல்லோரும் கூடவே நடப்பார்கள். ஆனால் களிமேட்டுச் சம்பவத்துக்குப் பின் சட்டமன்றத்தில் அரசுத் தரப்பில் சொன்னது என்ன? அது தேர்த் திருவிழா அல்ல, சப்பரம்; ஊர் மக்கள் தாங்களாகவே நடத்தியது; முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்பதுதான்.

மின்கம்பிக்குத் தேர் எது, சப்பரம் எது என்று தெரியாது. பெரிய தேரைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறோம், அதனால் பாதுகாக்கிறோம். சிறிய சப்பரம்தானே, நம் ஊர் விழாதானே என்று நினைக்கும் இடத்தில்தான் உயிர் போகிறது.

நம் நெகிரி செம்பிலானில் தோட்டத்துக் கோயில்கள் எல்லாமே இந்த வகைதான். சிரம்பான் பட்டணத்து வீதியில் ரதம் போனால் போலீஸ்காரர் முன்னால் வருவார். லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் செம்பனைக் காட்டு மண் சாலையில் இரவு பத்து மணிக்கு ரதம் போகும்போது நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? அங்கே நம் பிள்ளைகளுக்கு நாமே காவல்.

பழைய பாதை, புதிய கம்பி

நம்மில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். மாலையானால் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தக் காலத்தில் சுவாமி ஊர்வலத்துக்கு மேலே வானமும் ரப்பர் மரக் கிளையும் மட்டுமே இருந்தன. 1949இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965இல் எல்.எல்.என். என்று பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் ஆன நிறுவனம் படிப்படியாகத் தோட்டங்களுக்கும் கம்பி இழுத்தது. போர்ட்டிக்சன் துவாங்கு ஜாஃபார் மின் நிலையம் போன்ற பெரிய நிலையங்களிலிருந்து புறப்படும் உயர்கோபுரக் கம்பிகளும் இருக்கின்றன.

இன்று நம்மில் பெரும்பாலோர் தோட்டத்தில் இல்லை. சிரம்பான், செனாவாங், நீலாய் தாமான்களுக்கு வந்துவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்குத் திரும்பிப் போகிறோம். “நான் பிறந்த தோட்டம், எனக்குத் தெரியாத பாதையா?” என்கிறோம். இந்தப் பேச்சுதான் எனக்கு அச்சத்தைக் கொடுக்கிறது. நமக்குத் தெரிந்தது பழைய பாதை. இடையில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டிருப்பார்கள். பக்கத்து நிலத்தில் தாமான் வந்திருக்கும். அதற்காகப் புதிய கம்பி குறுக்கே போயிருக்கும். சாலையில் கல் கொட்டித் தார் போட்டு ஓர் அடி, இரண்டு அடி உயர்த்தியிருப்பார்கள். கம்பி இருந்த இடத்தில்தான் இருக்கும். நம் ரதம் உயர்ந்துவிடும். போன ஆண்டு தாராளமாகப் போன ரதம் இந்த ஆண்டும் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கம்பி எப்படிக் கொல்கிறது?

மாணவர்களிடம் இதைக் கேட்டால் உடனே பதில் வரும். பெரியவர்களிடம்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, “கம்பியைத் தொட்டால்தானே ஆபத்து” என்பது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தோட்டச் சாலையோரக் கம்பத்தில் போவது பெரும்பாலும் 11,000 அல்லது 33,000 வோல்ட். உயர்கோபுரத்தில் 132,000 முதல் 500,000 வோல்ட் வரை. உயரழுத்தக் கம்பிகள் பெரும்பாலும் மேலுறை இல்லாத வெறும் கம்பிகள். காற்றும் இடைவெளியும்தான் அவற்றுக்கு உறை. அந்த இடைவெளி மிகவும் குறைந்தால், தொடுவதற்கு முன்பே மின்சாரம் பொறியாகத் தாவும்.

இரண்டாவது, “நம் ரதம் மரத்தால் செய்தது” என்பது. காய்ந்த மரத்தை நம்பி வீட்டு மின்சாரத்திடம்கூட விளையாடக் கூடாது. 11,000 வோல்ட்டுக்கு முன்னால் மரம் என்ன செய்யும்? அதிலும் நம் ரதத்தில் என்ன இருக்கிறது? ஈரப் பூமாலை, நீர் நிறைந்த வாழை மரம், தென்னங்குருத்துத் தோரணம், இரும்புச் சட்டம், அலுமினியக் குழாய், சீரியல் விளக்கு வயர். மழை தூறினால் மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

மூன்றாவது, “லாரியின் ரப்பர் டயர் காப்பாற்றும்” என்பது. அந்த அழுத்தத்துக்கு டயரை நம்ப முடியாது. டயர் ஓரளவு தடுத்தாலும், தரையில் நின்றுகொண்டு ரதத்தைத் தொடுபவர் வழியாக மின்சாரம் பூமிக்கு இறங்கிவிடும். மேலே நிற்பவரைவிடக் கீழே வடம் பிடிப்பவருக்கும் தள்ளுபவருக்கும் ஆபத்து அதிகம் என்பது இதனால்தான். நாம் வேறு வெறுங்காலில் ஈரத் தரையில் நடக்கிறோம்.

எவ்வளவு மின்சாரம் போதும் உயிரைக் குடிக்க? பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரியச் சுமார் கால் ஆம்பியர் வேண்டும். அதில் பாதிக்கும் குறைவான மின்னோட்டம் நெஞ்சு வழியாகச் சென்றாலே இதயத் துடிப்பு குலைந்துவிடும்.

மற்ற ஊர்களும் மற்ற சமயத்தாரும்

இது களிமேட்டோடு நின்றுவிடவில்லை. 2023 ஜூன் 28ஆம் தேதி, வடகிழக்கு இந்தியாவில் திரிபுரா மாநிலத்துக் குமார்காட்டில், ஜகந்நாதர் திரும்பும் ரத யாத்திரையில் இரும்பால் செய்த ரதம் உயரழுத்தக் கம்பியில் பட்டு, குழந்தைகள் உட்படக் குறைந்தது 6 பேர் இறந்தார்கள்.

2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா. அலங்கார வேலைக்காக உயரமான இரும்பு ஏணியை நகர்த்தினார்கள். அது மின்கம்பியில் பட்டது. ஏணியைப் பிடித்திருந்த 4 பேரும் இறந்தார்கள்.

2025 ஆகஸ்ட்டில் ஹைதராபாத் ராமந்தாப்பூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலம். ரதத்தை இழுத்த வண்டி பழுதாகிவிட்டது. இளைஞர்கள் கையால் தள்ளினார்கள். 5 பேர் இறந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத ஒரு கேபிள் வயர் 11,000 வோல்ட் கம்பியோடு உரசி ரதத்தில் பட்டது என்று மின் அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். ஆகவே, “இது டெலிபோன் வயர்தான், கம்பால் தூக்கிவிடு” என்று யாரும் சொல்லக் கூடாது. தொங்கும் வயர் எதுவானாலும் மின்சாரம் உள்ள கம்பியாகவே எண்ண வேண்டும்.

இந்த நான்கு ஊர்களிலும் இறந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மட்டும் அல்லர். ஏணியைப் பிடித்தவர்கள், ரதத்தைத் தள்ளியவர்கள், கூடவே நடந்தவர்கள். எந்தக் கோயிலிலும் மிகவும் அரிதாகக் கிடைக்கும் மனிதர்கள் அவர்கள்தாம்.

நம் விழாவுக்கு நான் முன்வைக்கும் ஏற்பாடுகள்

ஒன்று: விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே பகல் வெளிச்சத்தில் ஊர்வலப் பாதை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். இரவில் பார்ப்பதில் பயன் இல்லை. நம் ரதத்தின் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும். மேலே இருக்கும் கம்பி இருட்டில் மறைந்துவிடும். விளக்கு கூடக்கூடக் கம்பி தெரியாமல் போகும். எனவே கம்பி குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் சாலையோரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் அடையாளம் இட வேண்டும்.

இரண்டு: கம்பியின் உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் கம்பை நீட்டி அளக்கக் கூடாது, அதுவே எமனாகிவிடும். பள்ளிப் பிள்ளையின் 45 பாகை மூலைமட்டம் போதும். கம்பி மிகவும் தாழ்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே தரையில் அடையாளம் வையுங்கள். அங்கிருந்து கம்பிக்குச் செங்குத்தான திசையில் பின்னால் நடந்துகொண்டே, மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைத் தரைக்குச் சமமாகப் பிடித்து, சாய்வுப் பக்கம் வழியாகப் பாருங்கள். கம்பி அந்தச் சாய்வுக் கோட்டில் தெரியும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் பின்னால் வந்த தூரத்தோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் கம்பியின் உயரம் கிடைக்கும். தூரம் 5 மீட்டர், கண் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் கம்பி ஆறரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது தரை சமமாக இருந்தால் கிடைக்கும் தோராயக் கணக்கு. வெயிலில் கம்பி இன்னும் தொய்யும். சரியான அளவைத் தெனாகாவிடம் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்று: ரதத்தின் உச்சிக்கும் கம்பிக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். 50,000 வோல்ட் வரையுள்ள கம்பிகளின் அருகே பாரந்தூக்கி ஓட்டுவோருக்கு அமெரிக்காவில் விதித்திருக்கும் குறைந்த அளவு 10 அடி; அதையே நாமும் வைத்துக்கொள்வோம். உயர்கோபுரக் கம்பிக்கு இன்னும் அதிகம் வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். கம்பி ஆறரை மீட்டர். 3 மீட்டரைக் கழித்தால் மீதி மூன்றரை மீட்டர்தான். லாரித் தளம், அதன்மேல் மண்டபம், அதன்மேல் கலசம், மேலே நிற்பவர் உயர்த்தும் கை எல்லாம் அந்த மூன்றரை மீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் உச்சியை மடக்கும்படி செய்ய வேண்டும், அல்லது பாதையை மாற்ற வேண்டும்.

நான்கு: காவல் துறையிடம் ஊர்வல அனுமதி கேட்கும்போதே தெனாகா அலுவலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பாதை வரைபடத்தோடு கடிதம் கொடுக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தித் தர வேண்டுமென்றால் முறைப்படி கேட்க வேண்டும். தெனாகா ஊழியர் நேரில் வந்து “நிறுத்தியாகிவிட்டது” என்று சொல்லும்வரை கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

ஐந்து: ரதத்துக்கு முன்னால், கையில் டார்ச் விளக்கோடும் விசிலோடும் ஒருவர் நடக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அவர் விசில் ஊதினால் தலைவரானாலும் உபயகாரரானாலும் ரதம் நின்றாக வேண்டும். வண்டி பழுதானால் கையால் தள்ளத் தொடங்குவதற்கு முன் அவர் மேலே பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும்.

ஆறு: பந்தல் போடுபவர்கள் அலுமினிய ஏணியைப் படுக்க வைத்துத் தூக்க வேண்டும். கொடிக்கம்பம், உயரமான காவடி, பேனர்க் கம்பி எதையும் கம்பிக்கு அருகே நிமிர்த்தக் கூடாது. பளபளக்கும் அலுமினியத் தாள் பலூன்கள் மின்சாரத்தைக் கடத்துபவை. கம்பி உள்ள இடத்தில் அவற்றை விற்க அனுமதிக்க வேண்டாம். விளக்கு வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடமே கொடுக்க வேண்டும்.

தப்பித் தவறி நடந்துவிட்டால்

ரதம் கம்பியில் பட்டுவிட்டால் யாரும் அதைத் தொடக் கூடாது. விழுந்தவர் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. இதைச் சொல்வது கொடுமை என்று எனக்குத் தெரியும். தூக்கப் போனவரும் விழுவார். அப்போது ஒரு வீட்டில் இரண்டு பாடை. காய்ந்த குச்சியால் தள்ளிவிடலாம் என்பது உயரழுத்தக் கம்பிக்குப் பொருந்தாது. பொறி அடங்கிவிட்டது என்று நெருங்கவும் கூடாது. நின்ற மின்சாரம் சில வினாடிகளில் தானாகவே திரும்பி வரும்படி அமைந்த கம்பிகள் உண்டு.

அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றித் தரையிலும் மின்சாரம் பரவும். நீட்டி அடி வைத்து ஓடினால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்சாரம் பாயும். இரு பாதங்களையும் சேர்த்து, தரையைவிட்டு எடுக்காமல், சிறிது சிறிதாக நகர்த்திப் பத்து மீட்டருக்கு அப்பால் போக வேண்டும். லாரிக்குள் இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பற்றினால் மட்டும், லாரியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். தெனாகா அவசர எண் 15454. ஆம்புலன்ஸ், தீயணைப்புப் படைக்கு 999. மின்சாரம் நின்றது உறுதியான பிறகே முதலுதவி.

தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பால் வெட்டிய காலத்தில் கத்தி இடுப்பளவில் இருந்தது. செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்போ மரத்தின் உயரத்துக்குப் போகிறது. அந்தக் கம்பு மின்கம்பியில் பட்டு இந்நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. கம்பிக்கு அருகில் உள்ள மரத்தை வெட்டச் சொன்னால், கம்பைக் கீழே வைத்துவிட்டு மண்டோரிடம் கேளுங்கள். நம்மோடு ரதம் தள்ள வரும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் இதையெல்லாம் மலாயில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே.

உபயகாரர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இனி உங்களிடம் வருகிறேன். நீங்கள் கொடுக்கும் பணம் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ரதம் பக்கத்துத் தோட்டத்து ரதத்தைவிட உயர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உச்சியில் ஓர் அடுக்குக் கூட்டும்போது, கீழே தள்ளும் பையனுக்கும் எமனுக்கும் இருக்கும் இடைவெளியில் ஓர் அடியைக் குறைக்கிறோம். அம்மன் உயரத்தைக் கேட்கவில்லை. உயரம் கேட்பது நாம்.

ஆகவே என் விண்ணப்பம் இது. இந்த ஆண்டு மேல் அடுக்கு உபயத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதே பணத்தில் மடக்கும் கலசம் ஒன்று செய்யலாம். வயர்மேன் கூலி கொடுக்கலாம். பாதை காட்டும் தொண்டர்களுக்கு டார்ச் விளக்கும் பளிச்சிடும் மேலங்கியும் வாங்கலாம். “ஊர்வலப் பாதைப் பாதுகாப்பு உபயம்” என்று உபயப் பலகையில் உங்கள் குடும்பத்தின் பெயரை எழுதும்படி நானே குழுவில் முன்மொழிகிறேன். சந்தன அலங்கார உபயத்துக்கு எந்த மரியாதையோ அதே மரியாதை அதற்கும் உண்டு. அர்ச்சனையில் முதலில் அந்தப் பெயர் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாதையை நடந்து பார்க்கப் போகிறோம். தொப்பி, தண்ணீர், ஒரு மூலைமட்டம் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்; கணக்குப் பாடம் எதற்குப் பயன்படுகிறது என்று அவர்களும் பார்க்கட்டும். அந்த அளவு கையில் வந்த பிறகு ரதத்தின் உயரத்தைக் குழு முடிவு செய்யட்டும்.

ஊர்வலம் புறப்பட்ட அத்தனை பேரும் வீடு திரும்பிக் கால் கழுவி அமர்ந்து சாப்பிட்டால்தான் திருவிழா நிறைவு பெற்றது என்று பொருள். எல்லாம் வல்ல அம்பாள் நமக்கு அந்த நிறைவை அருள்வாளாக.